அடைப்பு விழுந்த வீடு

குருமூர்த்தி கதவைக் கழற்ற வந்த காலையில் வெற்றிச்செல்வி புருஷனின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட இரண்டு கூலிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை, இன்னொருவன் கையில் சம்மட்டி. கூப்பிடவுமில்லை, கேட்கவுமில்லை. கீலுக்குள் கடப்பாரையைச் செருகி நெம்பினார்கள். பழைய காலத்துத் தேக்குக் கதவு, லேசில் அசையவில்லை. சம்மட்டியால் நாலு போடு போட்டதும் நிலையின் ஓரம் பிளந்து கதவு ஒருக்களித்துச் சாய்ந்தது. தூக்கிக்கொண்டு போய் எதிரே இருந்த மாடி வீட்டுச் சுவரில் சாத்திவைத்தார்கள்.

"இனிமே பூட்டிக்கடி, பாப்பம்" என்றான் குருமூர்த்தி.

வீட்டுக்காரர் சாமிதுரையின் ஒரே மகன் அவன். வெற்றிச்செல்விக்குத் தம்பி வயது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்தான்.

கட்டிலில் குப்புறக் கிடந்த ராசாங்கத்தால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. "என்னா செல்வி சத்தம்?" என்றான்.

"கதவக் கழட்டிட்டுப் போறானுவ."

"எதுக்கு?"

எதுக்காம்! அவளுக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. எதற்கென்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அரியலூரில் அந்தத் தெரு முழுவதற்கும் தெரியும். அவன் சாகப் போகிறான், அதற்குத்தான். ஆனால் அவனோ சாகிற வழியாகத் தெரியவில்லை. அதுதான் எதிர் வீட்டுக்குத் தாங்கவில்லை.

ராசாங்கம் மீன்சுருட்டிப் பக்கத்து ஆள். அப்பனும் பாட்டனும் அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்தே காலத்தைக் கழித்தவர்கள். இவன் லாரியில் ஸ்டியரிங் பிடித்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மேட்டில் லாரி குடைசாய்ந்ததோடு சரி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. அதற்கப்புறம் வெற்றிச்செல்வியின் கை சம்பாதித்தது. சிமெண்டு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவள் தொழில். மோட்டார் மெஷினில் ஓரம் அடித்து, கோணி ஊசியால் வளையங்களைக் கோத்துக் கட்டுவாள். கனத்த தார்ப்பாயில் ஊசி ஏற்றி ஏற்றி உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. ராசாங்கத்தைப் புரட்டிப் போடவும் தூக்கி உட்கார வைக்கவும் அந்தக் கைதான் வேண்டியிருந்தது.

அந்த வீடு அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்ததே ஒரு சாவினால்தான். சாமிதுரையின் அப்பா பல வருஷங்களுக்கு முன்பு அங்கே இறந்தார். இறந்த நேரத்து நட்சத்திரம் சரியில்லை. அப்படி இறந்தால் வீட்டுக்கு அடைப்பு என்பார்கள். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். உயிர் போன இடத்தில் ஆறு மாதம் விளக்கு எரிய வேண்டும். அது முடியும் வரை அந்தக் குடும்பத்தில் நல்ல காரியம் எதுவும் நடக்கக் கூடாது. பெரியவரை அப்படித்தான் பின்சுவரை இடித்து எடுத்தார்கள். பிறகு அந்த ஓட்டையைச் சூளையில் சுடாத பச்சைக் கல்லாலும் மண்ணாலும் அவசரமாக அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டு, அதே காம்பவுண்டில் மாடி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தக்காரன் எவனும் அந்தப் பழைய வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றான். அதனால்தான் இவர்களிடம் ஊர், தெரு என்று துருவாமல் சாவியைக் கொடுத்தார் சாமிதுரை.

படுக்கையில் கிடந்தவனுக்கு அந்தச் சுவர்தான் நாள் முழுக்கக் காட்சி. மழைக்காலத்தில் ஒட்டுப்போட்ட இடம் மட்டும் உப்பி வெடிக்கும்.

"செல்வி, கட்டில இந்தப் பக்கம் தள்ளிப் போடு. உத்தரத்து முனை அந்தப் பச்சக் கல்லு மேலதான் குந்தியிருக்கு. எவனாச்சும் கை வெச்சான்னா மேல இருக்கறது மொத்தமும் தலையில வந்துரும்" என்று ஒருநாள் சொன்னான். அவளும் அண்ணாந்து பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

சிக்கல் சாமிதுரையின் மகள் ஜெயசித்ராவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானபோது வந்தது. ஜோசியக்காரன் ஒருவன், "ஒங்க காம்பவுண்டுல ஒரு உசுரு போவும், அடைப்புலதான் போவும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். சாமிதுரை காம்பவுண்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் குண்டுக்கல்லாட்டம் இருந்தார். மனைவி பாப்பாத்திக்குச் சளி கூடப் பிடித்ததில்லை. மகன் மூர்க்கன், மகள் கல்யாணப் பெண். அப்புறம் யார்? கட்டிலில் கிடக்கிறவன்தான். மறு வாரமே காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

வெற்றிச்செல்வி வீம்புக்கு உட்காரவில்லை. அரியலூர் முழுக்க வீடு தேடி அலைந்தாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் பாதி. அதைத் தாண்டியவர்கள் ராசாங்கத்தைப் பற்றிக் கேட்டதும், "படுத்த படுக்கையா? வேணாம்மா" என்றார்கள். கடைசியில் பெரம்பலூரில் வக்கீல் ஹேமலதாவைப் போய்ப் பார்த்தாள்.

"நோட்டீஸ் வந்துட்டா பொட்டியக் கட்டணும்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஹேமலதா. "நோட்டீஸ்ங்கறது அவரு சொல்றது. வெளிய போன்னு சொல்ல வேண்டியது வாடகை கோர்ட்டு. அதுக்குச் சட்டத்துல காரணம் இருக்கணும். குடியிருக்கறவரு செத்துருவாருங்கறது காரணமே இல்ல. வாடகைய வாங்கலன்னா மணியார்டர்ல அனுப்புங்க. கரண்ட நிறுத்தறது, தண்ணிய நிறுத்தறது, ஆள வெச்சு வெரட்டறது, எதுவும் அவரு செய்யக் கூடாது."

"செஞ்சா?"

"எங்கிட்ட சொல்லுங்க. மனு போடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அவங்க அடிச்சாலும் நீங்க திருப்பி அடிச்சுடாதீங்க."

இதைச் சொல்வது சுலபம். பெரம்பலூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

முதலில் கரண்டு போயிற்று. மெஷின் நின்றது, விசிறி நின்றது, ராசாங்கத்தின் முதுகில் புண் வந்தது. பிறகு தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். அவள் தெருக்கோடி அடிபம்பிலிருந்து தூக்கி வந்தாள். ஹேமலதா போட்ட மனு வாய்தாவிலேயே கிடந்தது. இப்போது கதவு. அன்று மாலையே அவள் லாரித் தார்ப்பாய் ஒன்றை அறுத்து, வாசல் நிலையில் ஆணி அடித்து, கயிறு கோத்து இழுத்துக் கட்டினாள். கதவு இல்லாவிட்டால் என்ன, வாசல் மூடித்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், கூலிக்காரர்களில் ஒருவன் அந்தத் தார்ப்பாயைக் கிழிக்க வந்தான். உள்ளே அவள் வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயில் கத்தி ஏறி, கிழிசலுக்குள் ஒரு கை நுழைந்து கயிற்றைத் தேடியது. வக்கீல் சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ. கோணி ஊசியை அந்தப் புறங்கையில் ஓங்கி இறக்கினாள். ஊசி மறுபக்கம் வந்து நிலைச்சட்டத்தில் குத்தி நின்றது. தார்ப்பாய்க்கு வெளியே அவன் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

குருமூர்த்தி தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தான். தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டு, முகத்திலேயே குத்தினான். முதல் குத்தில் உதடு கிழிந்தது. அடுத்ததில் பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. அவள் கீழே விழுந்த பிறகும் விலாவில் மிதித்தான். உள்ளே ராசாங்கம் கட்டில் சட்டத்தைக் கையால் அடித்து அடித்து, "வுட்டுடுறா, வேணாண்டா, எங்கிட்ட வாடா" என்று கத்திக்கொண்டிருந்தான். தெரு பார்த்துக்கொண்டு நின்றது. மாடி வீட்டுப் படியில் பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெற்றிச்செல்வி ரத்தத்தோடு அண்ணாந்து அவளைப் பார்த்தாள். ஒரு தாய் தன் மகனைப் பார்த்து 'போதும்டா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாப்பாத்தி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வீங்கிய முகத்தோடே வெற்றிச்செல்வி பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். ஹேமலதா அவளைப் பார்த்த கையோடு புது மனு எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை வேலை சீக்கிரம் நடந்தது. உத்தரவு வந்தது. ஒரு நாள் மத்தியானம் வாடகை கோர்ட்டிலிருந்து ஆள் வந்து, காம்பவுண்டு நடுவில் நின்று சாமிதுரையிடம் உரக்கப் படித்துக் காட்டினார்: கரண்டும் தண்ணீரும் திரும்பக் கொடுக்க வேண்டும், கதவை மாட்ட வேண்டும், வழக்கு முடியும் வரை குடியிருப்பவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. குருமூர்த்தி காதில் அது விழுந்தது.

கோர்ட்டு ஆள் போய் ஒரு சோறு வேகிற நேரம் கூட ஆகியிருக்காது. குடித்துவிட்டு, கடப்பாரையோடு வந்து நின்றான்.

"கதவுதானடி மாட்டணும்? மாட்டறேன். மொதல்ல செவுரு இருக்கான்னு பாரு."

கூலிக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் கையில் கட்டுப் போட்டிருந்தது, அவனுக்கு உள்ளே வர ஆசையில்லை. வெற்றிச்செல்வி கட்டிலுக்கும் குருமூர்த்திக்கும் நடுவில் போய் நின்றாள். அவன் கடப்பாரையைச் சுழற்றினான். தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது, வந்ததும் கண் இருட்டிக்கொண்டு மண்டியிட்டாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலை எட்டி உதைத்தான். ராசாங்கம் தரையில் விழுந்தான். செத்த கால்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்தக் கால்களின் மேல் மிதித்துக்கொண்டே, "சாவுடா, சாவறதுன்னா போயி ஒன் ஊர்ல சாவு" என்றான். ராசாங்கத்துக்கு அந்த மிதி வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதே அவனுக்கு அவமானமாக இருந்தது, அழுதுவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

குருமூர்த்தி அவர்களை விட்டுவிட்டுப் பின்சுவரிடம் போனான். சுவரில் எந்த இடம் இளகியது என்று வீட்டுக்காரன் மகனுக்குத் தெரியாதா? தாத்தாவை எடுத்த அந்த ஒட்டுப்போட்ட இடத்தைத் தட்டிப் பார்த்தான். பொத்தென்று சத்தம் வந்தது. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. பச்சைக் கல் மாவாகக் கொட்டியது. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவன் ஒரு நாள் கூடப் படுத்துக் கிடந்ததில்லை.

வெற்றிச்செல்வி இடது கையால் ராசாங்கத்தின் சட்டைக் காலரைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். இழுத்துக்கொண்டே மேலே பார்த்தாள். உத்தரத்தின் முனை ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ராசாங்கமும் பார்த்துவிட்டான்.

"தம்பி..." என்று கத்தினான். "தம்பி, மேல..."

அவள் கை அவன் வாயில் விழுந்தது. விழுந்தது என்றுதான் பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் விழுந்த கை எழவில்லை. மரத்துப்போன அந்த உள்ளங்கையை அவன் வாயின் மேல் வைத்து அழுத்தினாள். அவன் மூச்சு சூடாகக் கையில் அடித்தது, உதடுகள் உள்ளங்கைக்குள் அசைந்தன. அவள் எடுக்கவில்லை. குருமூர்த்தி இன்னும் ஒரு குத்துக் குத்தினான்.

முதலில் உத்தரம் வந்தது, அதன் பின்னால் ஓடுகள், அதன் பின்னால் மேல்சுவர். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது குருமூர்த்தியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு குதிகால் தரையை இரண்டு மூன்று தடவை தேய்த்தது. பிறகு அதுவும் நின்றது.

பாப்பாத்தி எப்படி ஓடி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வெறுங்கையால் ஓடுகளை வாரி எறிந்தாள். நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. தலையைக் கண்டெடுத்து மடியில் வைத்தபோது அது தலையாகவே இல்லை. வாசல் பக்கம் கட்டிலும் மரச்சட்டங்களும் அடைத்துக் கிடந்ததால், கூலிக்காரர்கள் இருவரும் அவனைத் தூக்கி, பின்சுவர் இருந்த இடத்தின் வழியாகத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள்.

சாமிதுரையின் மைத்துனர் உத்திராபதி வந்தார். துக்கத்திலும் அவருக்கு முதலில் தினசரி காலண்டரைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு முகம் செத்துப் போய் வெளியே வந்தார்.

"அவிட்டம், மாமா. அடைப்பு. வாச வழியா எடுக்கக் கூடாது. செவுத்த இடிச்சுத்தான்..." என்று ஆரம்பித்து, சுவர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

போலீஸ் வந்து விசாரித்தபோது கூலிக்காரர்கள் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள்: அவனாகத்தான் இடித்தான், அவன் மேலேயே விழுந்தது. யாரும் தள்ளவில்லை. ராசாங்கத்திடமும் கேட்டார்கள். அவன் வெற்றிச்செல்வியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க, அவருதான் இடிச்சாரு" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரியில் அவளுக்குக் கை மாவுக்கட்டுப் போட்டு முடிந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நான் சொல்ல வந்தேன், செல்வி."

"தெரியும்."



லாரிக்கார ஆட்கள் பழகிய தோஷத்துக்கு வந்து, கூரை போன இடத்தில் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். கரண்டு வந்திருந்தது. ஹேமலதா போனில், "இப்பவும் உங்கள யாரும் போகச் சொல்ல முடியாதும்மா. இடிஞ்சத அவருதான் கட்டிக் குடுக்கணும்" என்றார். ஆனால் வெற்றிச்செல்விக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. அடித்தபோது போகாதவள் இப்போது ஒற்றைக் கையால் பாத்திரங்களைச் சாக்கில் போட்டாள். மீன்சுருட்டியில் ராசாங்கத்தின் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு கட்டில் போட இடம் கிடைக்கும். அங்கே ராசாங்கத்தின் புண் ஆறாது, அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தச் சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டு அவன் படுத்திருக்க, அவனைத் தினமும் பார்த்துக்கொண்டு அவள் இருக்க முடியாது என்று பட்டது.

சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. பாப்பாத்தி. படியைத் தொடாமல் தள்ளி நின்றாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு அகல் விளக்கும் எண்ணெய்க் கிண்ணமும்.

"போறியா?" என்றாள்.

"ஆமாங்க. அதானே நீங்க எல்லாரும் கேட்டது."

"போயிடாதம்மா."

வெற்றிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். பாப்பாத்தி விளக்கை நீட்டினாள்.

"ஆறு மாசம் அவன் உசுரு போன எடத்துல வெளக்கு எரியணும். எங்க சனத்துல ஒருத்தரும் இந்தப் படிய மிதிக்க மாட்டேங்கறாங்க. பெத்தவ, நானும் மிதிக்கக் கூடாதாம். வெளக்கு அணைஞ்சா அவன் வழி தெரியாம இங்கயே நிப்பானாம். நீ போயிட்டா எம் புள்ளைக்கு வெளக்கேத்த ஆளு இல்ல."

"ஒங்க புள்ள எங் கைய ஒடிச்சாரும்மா. எம் பல்ல ஒடைச்சாரு. படியில நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"பாத்தேன்" என்றாள் பாப்பாத்தி. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நிறுத்தியிருப்பான். வாயப் பொத்திக்கிட்டு நின்னுட்டேன்."

வெற்றிச்செல்விக்கு உள்ளங்கை கூசியது. ராசாங்கத்தின் மூச்சு இன்னும் அங்கேயே சுட்டது. அடித்தவனின் அம்மாவைத் திட்ட நாக்கு நுனியில் எத்தனையோ வைத்திருந்தாள். இடது கையை நீட்டி விளக்கை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல கதவ மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஆசாரி வந்தான். கதவின் ஒரு பக்கத்தைச் சாமிதுரையே தோள் கொடுத்துத் தூக்கி வந்தார். படியில் கால் படாமல் வெளியே நின்றபடி, ஆசாரி கீலை முடுக்கி முடிக்கும் வரை கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு, ஓடுகளை ஒதுக்கிய இடத்தில் அவள் விளக்கை வைத்து, இடது கையால் தீக்குச்சியைக் கிழித்து ஏற்றினாள். பின்பக்கத்துத் தார்ப்பாய் காற்றுக்கு அடித்துக்கொண்டது. சுடர் சாய்ந்தது. ராசாங்கம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து வருது, செல்வி" என்றான். "அணைஞ்சிடப் போவுது."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.